பெருநாடி வால்வுச் சுருக்கமும் குழாய்வழி மாற்றீடும்: யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

வைத்திய வரலாறு எம்மிடையே பெரும்பாலும் இருவகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, மேனாட்டுக் கண்டுபிடிப்பாளரின் பெயர்வரிசையாக அமைவது. மற்றையது, மிசனரிமாரின் தொண்டினைப் போற்றும் நினைவுமலராக அமைவது. இவ்விரண்டிலும் நோயாளருக்கு இடமிருப்பதில்லை. உலகின் ஏதோவோரிடத்தில் ஒரு சிகிச்சை தோன்றிய பின்னர், அது ஒரு குறிப்பிட்ட மக்களை எவ்வழியாக, எத்தனை காலங் கழிந்து, எந்த விலையில் வந்தடைந்தது என்னும் வினாவும் அவற்றில் எழுப்பப்படுவதில்லை. ஆனால், சமூக வரலாற்று நோக்கில் அவ்வினாவே முதன்மையானது. ஆதலின், இருதயத்தின் பெருநாடி வால்வு சுருங்குவதால் உண்டாகும் நோயையும், நெஞ்சைப் பிளக்காது குழாய்வழியாகப் புதிய வால்வைப் பொருத்தும் சிகிச்சையையும் எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் நிலையிலிருந்து அவற்றின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம்.

முதற்கண் நோயின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது அவசியம். இருதயத்தின் இடது இதயவறையிலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் தொகுதிப் பெருநாடியின் வாயிலிலே பிறைவடிவான மூன்று மெல்லிய மடல்கள் உள்ளன. எமது பாடசாலை உயிரியல் நூல்கள் அரைமதி வால்வு என வழங்குவது இதனையே. இருதயம் சுருங்கும்போது இவ்வால்வு திறக்கும். தளரும்போது மூடிக் குருதி பின்வாங்காது தடுக்கும். திறந்த நிலையில் அதன் பரப்பு 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் வரையாகும். முதுமையில் மடல்களிற் கல்சியம் படிந்து அவை விறைப்படையும். பிறப்பிலேயே இரு மடல்களை மாத்திரம் உடையோரிடம் இம்மாற்றம் முன்னதாகவே நிகழும். சிறுவயதில் ஏற்படும் வாதக் காய்ச்சலும் வால்வைப் பழுதாக்கும். நெருக்கடியான குடியிருப்பும் வறுமையும் உள்ள இடங்களிலேயே அது மிகுதியாகக் காணப்படுவதை மறத்தலாகாது. வால்வின் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றரிலும் குறையுமாயின் நோய் கடுமையானதெனக் கொள்ளப்படும்.

நெடுங்காலம் இந்நோய் வெளித்தெரிவதில்லை. இருதயம் தன் தசையைத் தடிக்கச் செய்து இடரைத் தாங்கிக்கொள்ளும். பின்னர் நடக்கையில் இளைப்பு, நெஞ்சுநோ, மயக்கம் என்பன தோன்றும். 1968இல் றொஸ், பிறவுண்வால்ட் என்னும் இரு அமெரிக்க வைத்திய ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை, இவ்வறிகுறிகள் தோன்றிய பின் நோயாளர் எவ்வளவு காலம் வாழ்வர் என்பதைக் கணித்துக் காட்டியது. நெஞ்சுநோ தோன்றியோர் சராசரியாக ஐந்தாண்டும், மயக்கமுற்றோர் மூன்றாண்டும், இருதயம் சோர்வுற்றோர் இரண்டாண்டுமே வாழ்ந்தனர். சுருங்கிய வால்வை விரிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எமது கிராமங்களிலோ "வயது போனால் இளைப்பு வருந்தானே" என்னும் ஒரு வாக்கியத்தோடு இவ்வறிகுறிகள் கடந்துவிடப்படுகின்றன. பொறிமுறைக் கோளாறொன்று முதுமையின் இயல்பாகக் கொள்ளப்படும்போது, நோயாளர் வைத்தியசாலை வாயிலை எட்டுமுன்னரே தோற்றுவிடுகின்றார். எனவே, ஒரு நோயை மக்கள் தம் மொழியில் நோயென அறிந்திருத்தலே சிகிச்சையின் முதற்படி என்பது பெறப்படும்.

இவ்வுண்மையை உணர்ந்து நடைமுறைப்படுத்த முயன்ற களங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்றென்பது குறிப்பிடத்தக்கது. நாடி பார்த்து நோயறியும் மரபும், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களும் இங்கு முன்னரே வேரூன்றியிருந்தன. மேனாட்டு வைத்தியம் அமெரிக்க மிசனரிமாருடன் வந்தது. அவர்களுள் முதலாவது வைத்தியரான ஜோன் ஸ்கடர் 1820 முதற் பண்டத்தரிப்பிற் பணியாற்றிப் பின்னர் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேர்த்தியான ஐடா ஸ்கடரே வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியை நிறுவியவர். இந்தியாவில் இருதய சத்திரசிகிச்சைக்கு முன்னோடியாக விளங்கிய நிலையங்களுள் வேலூரும் ஒன்று. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து இருதய நோயாளர் பலர் அதனை நாடிச் சென்றனர்.

எமது நோக்கிற்கு மேலும் முக்கியமானவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்தவரான இவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் நிலைகொண்டு வைத்தியத்தையும் கற்பித்தலையும் ஒருங்கே தொடங்கினார். ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் அரசாங்க வேலையும் உயர்ந்த சம்பளமும் நாடி வேற்றிடஞ் செல்வதையும், கிராமத்து நோயாளர் முன்போலவே கைவிடப்படுவதையும் அவர் கண்டார். 1862இல் இரண்டாம் முறை யாழ்ப்பாணம் வந்த பின்னர், தமிழிலேயே வைத்தியம் கற்பிப்பது என்னும் முடிவை நடைமுறைக்குக் கொணர்ந்தார். பாடநூல்களும் தமிழில் ஆக்கப்பட்டன. இரண வைத்தியம் 1867இலும், கிறே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இற் கிறீன் நாடு திரும்புவதற்கிடையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் வைத்தியப் பயிற்சி பெற்றிருந்தனர்.

கிறீனின் முயற்சியைப் போற்றுவோர் அதன் எல்லைகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வைத்தியம் அவருக்கு மதம் பரப்பும் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது. தம் கல்லறையிலே தமிழருக்கு வைத்திய நற்செய்தியாளர் எனப் பொறிக்கப்பட வேண்டுமென்றே அவர் விரும்பினார். அங்காதிபாதம், சுகரணம் முதலிய அவரது கலைச்சொற்கள் வடமொழிச் சார்புடையன. கமக்காரனதும் கடற்றொழிலாளியினதும் நாவில் வழங்கியவை அல்ல. அவரது மாணவர் எல்லாச் சமூகப் படிகளிலிருந்தும் வந்தவரெனவுங் கூறமுடியாது. எனினும், இவற்றைக் கடந்தும் அவரது பரிசோதனையில் ஓர் அடிப்படை உண்மை வெளிப்பட்டது. ஒரு புதிய வைத்தியம் எம்மொழியிற் கற்பிக்கப்படுகின்றது என்பது வெறும் மொழிப்பற்றுப் பற்றிய வினா அன்று. கற்றவர் எங்கே தங்குவார், யாருக்குச் சிகிச்சை செய்வார் என்பதைத் தீர்மானிக்கும் பொருளாதார வினாவே அது.

இப்பரிசோதனை நிலைக்கவில்லை. 1870இற் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்விநிலையம் தோன்றியது. அது ஆங்கிலவழியது; குடியேற்ற ஆட்சியின் நிருவாகத் தேவைகளோடு இணைந்தது. சான்றிதழும் உத்தியோகமும் அதன்வழியே கிடைத்தமையால் தமிழ்வழி வைத்தியக் கல்வி நாளடைவில் அருகி மறைந்தது. யாழ்ப்பாணத்தில் 1850இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியாற் தோன்றிய வைத்தியசாலை, 1907இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து குடாநாட்டின் பிரதான வைத்தியசாலையாக வளர்ந்தது. ஆயினும், விசேட சிகிச்சைகள் யாவும் கொழும்பிலேயே குவிந்தன. இலவச வைத்தியம் இலங்கை மக்கள் பெற்ற பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. அது விலையை நீக்கியது, தூரத்தை நீக்கவில்லை.

இக்காலத்தில் மேனாடுகளிற் பெருநாடி வால்வுக்கான சத்திரசிகிச்சை படிப்படியாக வளர்ந்தது. 1912இல் பாரிசில் துவிபியே என்னும் சத்திரவைத்தியர் பெருநாடியின் சுவரை விரலால் உள்ளழுத்திச் சுருங்கிய வால்வை விரிக்க முயன்றார். 1952இல் ஹவ்னகல் என்பார் செயற்கை வால்வொன்றைப் பெருநாடியின் கீழிறங்கு பகுதியிற் பொருத்தினார். இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரம் 1953இல் வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்ட பின்னரே, இருதயத்தை நிறுத்தி வைத்து அதனுள் வேலைசெய்தல் சாத்தியமாயிற்று. 1960இல் ஹார்க்கன் பழுதுற்ற வால்வை அகற்றி அதனிடத்திலேயே செயற்கை வால்வை வைத்தார். 1965இற் பாரிசிற் பன்றியின் வால்வு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தென்னாசியாவைப் பொறுத்தவரை, 1990 டிசம்பரிற் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தான் தலைமையில் உருவாகிய சித்திரா வால்வு முதன்முதல் நோயாளருக்குப் பொருத்தப்பட்டமை ஒரு திருப்பமாகும். ஏழை நாடொன்று தன் தேவைக்குத் தானே, தாங்கத்தக்க விலையில் ஒரு வால்வை ஆக்க முடியுமென்பதை அது நிறுவியது.

ஆனால், இச்சத்திரசிகிச்சைக்கு மார்பென்பு பிளக்கப்பட வேண்டும். நோயோ முதியோரைப் பற்றுவது. அவருட் பலர் நுரையீரல், சிறுநீரக நோய்களாலும் மெலிந்தவர். கத்தியைத் தாங்கமாட்டாரெனத் திருப்பியனுப்பப்பட்டனர். மேலும், உலோக வால்வு பொருத்தப்பட்டவர் குருதி உறையாதிருக்க ஆயுள் முழுவதும் வார்பரின் உட்கொள்ள வேண்டும். அதன் அளவைச் சீராக்கக் குருதிப் பரிசோதனையை இடையறாது செய்தல் வேண்டும். மருந்து தவறினாலும் மிகுந்தாலும் உயிராபத்தே. பாதை திறந்திருப்பதையும் மருந்து தடையின்றி வருவதையும் இச்சிகிச்சை தன் முன்நிபந்தனையாகக் கொண்டுள்ளது.

இங்குதான் இரண்டு காலவரிசைகளை அருகருகே வைத்து நோக்க வேண்டியவராகின்றோம். ஒன்று, குழாய்வழிச் சிகிச்சையின் காலவரிசை. மற்றையது, யாழ்ப்பாணத்தின் போர்க் காலவரிசை.

1929இல் ஜேர்மனிய வைத்தியர் வேர்னர் போஸ்மான் தம் கைநாளத்தினூடாகக் கதீற்றர் எனப்படும் செலுத்துகுழாயைத் தம் இருதயம்வரை செலுத்திக் காட்டியிருந்தார். 1977இல் சூரிச் நகரிற் குறுன்ற்சிக் அத்தகைய குழாயின் நுனியில் பலூனைப் பொருத்தி இருதயத்தின் முடியுரு நாடியை விரித்தார். இம்முறையைப் பெருநாடி வால்வுக்கு விரித்தவர் பிரான்சின் றுவான் நகரத்து வைத்தியர் அலன் கிறிபியே. 1985 செப்ரெம்பரில், சத்திரசிகிச்சைக்கு ஏற்றவரல்லரென ஒதுக்கப்பட்ட முதியவளொருத்தியின் வால்வை அவர் பலூனால் விரித்தார். பயன் உடனே தெரிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. சில மாதங்களிலேயே வால்வு மீண்டுஞ் சுருங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1984இல், தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற்சேவை நின்றுபோயிற்று. வேலூருக்குச் செல்லும் ஏழைகளின் வழி அதனோடு அடைபட்டது.

1987 ஒக்ரோபர் 21, 22ஆந் திகதிகளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையினுள்ளே வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் எனப் பலர் இந்திய அமைதிப்படையினராற் கொல்லப்பட்டனர். 1989 மே முதலாந் திகதி, டென்மார்க்கின் ஓகுஸ் நகரில் ஹெனிங் றூட் அண்டர்சன் என்னும் இளம் வைத்தியர், கையால் வளைத்த உலோகக் கம்பிக்கூட்டினுள் பன்றி வால்வொன்றைத் தைத்து, அதனைப் பலூன்மேற் சுருக்கிக் குழாய்வழியாக உயிருள்ள பன்றியொன்றின் பெருநாடியிற் பொருத்தினார். வால்வைக் கசாப்புக் கடையிற் பெற்ற பன்றி இருதயத்திலிருந்தே அவர் எடுத்தார். அவ்வாண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ரஜனி திராணகம, துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே இருதயத்தின் வாயிலுக்குப் புதுவழி திறந்த அதே ஆண்டில், இங்கே இருதயத்தின் அமைப்பைக் கற்பித்த கரம் ஓய்ந்தது. 1978இற் தோன்றிய அவ்வைத்திய பீடத்திற்கு அப்போது அகவை பதினொன்றே.

அண்டர்சனின் கண்டுபிடிப்பை ஆய்விதழ்கள் உடனே ஏற்கவில்லை. அவரது கட்டுரை 1992இலேயே வெளிவந்தது. கிறிபியே பல்லாண்டுகள் உற்பத்தி நிறுவனங்களை அணுகியும் ஆதரவு பெறாது, 1999இற் சிலருடன் சேர்ந்து சிறு நிறுவனமொன்றைத் தொடங்கினார். இக்காலம் முழுவதும் குடாநாடு பெருமளவு துண்டிக்கப்பட்டே இருந்தது. 1990இற் புகையிரதம் நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்தனர். மருந்துகளும் எரிபொருளும் தடைகளுக்குட்பட்டன. நெஞ்சைத் திறக்கும் சிகிச்சைக்காக 400 கிலோமீற்றர் செல்ல வேண்டிய முதியவருக்கு, அப்பயணமே சத்திரசிகிச்சையிலும் ஆபத்தானதாயிற்று. போரில் இறந்தோரின் கணக்கிற் குண்டினாலும் துவக்கினாலும் மாண்டவரே இடம்பெறுவர். சுருங்கிய வால்வுடன் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே மாண்டவரை எவரும் எண்ணியதில்லை. அவரும் போரினாலேயே மாண்டவர் என்பது எமது கருத்து.

2002 ஏப்ரலில் இரு காலவரிசைகளும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. போர்நிறுத்த உடன்பாட்டைத் தொடர்ந்து அம்மாதத்திற் கண்டி வீதி யாழ்ப்பாணம்வரை திறக்கப்பட்டது. அதே மாதம் 16ஆந் திகதி றுவானிற் கிறிபியே மனிதரொருவருக்கு முதன்முதலாகக் குழாய்வழிப் பெருநாடி வால்வைப் பொருத்தினார். நோயாளர் 57 வயதினர். வேறு வழியின்றி மரணத்தறுவாயில் இருந்தவர். கால் நாடிகள் அடைபட்டிருந்தமையால், நாளத்தின் வழியே சென்று இருதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து வால்வு எடுத்துச்செல்லப்பட்டது. இருதயம் உடனே தேறியது. ஏறத்தாழ நான்கு மாதங்களின் பின் வேறு காரணங்களால் அவர் இறந்தாராயினும், சாத்தியமற்றதெனப்பட்டது சாத்தியமென நிறுவப்பட்டுவிட்டது.

இன்று இச்சிகிச்சை பெரும்பாலும் தொடை நாடிவழியாகவே செய்யப்படுகின்றது. கனடாவின் வன்கூவர் நகரில் ஜோன் வெப் குழுவினர் 2005இல் இவ்வழியைச் செம்மைப்படுத்தினர். மாட்டின் அல்லது பன்றியின் இருதய உறையிலிருந்து வெட்டிய மடல்கள் உலோகக் கூட்டினுள் தைக்கப்பட்டு, ஒரு பென்சிலின் பருமனளவுக்குச் சுருக்கப்படும். கூடு வால்வு வாயிலை அடைந்ததும், விசையூட்டியால் இருதயத் துடிப்புச் சில விநாடிகள் மிக வேகமாக்கப்பட, குருதியின் உந்தல் தணியும். அக்கணத்திற் பலூன் விரிக்கப்படும். பழைய வால்வு ஒருபுறம் ஒதுங்கப் புதிய வால்வு அதனிடத்தில் அமரும். தானாகவே விரியும் கூடுகளும் உள. சிகிச்சை ஆபத்தற்றதன்று. பாரிசவாதம், நாடிச் சேதம், வால்வோரக் கசிவு, துடிப்புக் குறைந்து நிரந்தர விசையூட்டி தேவைப்படல் என்பன நேரலாம். எனினும், 2010இல் வெளிவந்த ஆய்வு ஐயங்களை நீக்கியது. சத்திரசிகிச்சைக்கு ஏற்றவரல்லரென ஒதுக்கப்பட்ட 358 நோயாளருள், வழமையான பராமரிப்பை மாத்திரம் பெற்றோரில் நூற்றுக்கு 50.7 பேர் ஓராண்டினுள் இறந்தனர். குழாய்வழி வால்வு பெற்றோரில் 30.7 பேரே இறந்தனர். 2019இல் வெளிவந்த ஆய்வுகள், ஆபத்துக் குறைந்த நோயாளருக்கும் இது நெஞ்சுபிளக்கும் சிகிச்சைக்கு இணையானதெனக் காட்டின.

கத்தியின் கொடுமை குறைந்தது. ஆனால், அதனிடத்தை விலையின் கொடுமை பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் வால்வொன்று மாத்திரமே ஏறத்தாழ 30,000 டொலராகும். கசாப்புக் கடை இருதயத்திலும் கைவளைத்த கம்பியிலும் பிறந்த ஒரு கருத்து, காப்புரிமையும் முதலீடுங் கூடியவுடன் உலகின் பெரும்பாலானோர் தீண்டமுடியாத பண்டமாயிற்று. ஒரே வளவிற் பிறந்த இரு சகோதரரை எண்ணிப் பார்ப்போம். ரொரன்ரோவிற் குடியேறியவருக்கு மாகாணக் காப்புறுதி இவ்வால்வை இலவசமாக அளிக்கின்றது. ஊரிலே தங்கிப் பெற்றோரைப் பார்த்தவர், கொழும்பிலோ இந்தியாவிலோ இதனைப் பெறக் காணியை விற்க வேண்டும். அன்றேல் வெளிநாட்டுச் சகோதரனின் கையை எதிர்பார்க்க வேண்டும். நோய் ஒன்றே, வேறுபடுவது இருவரும் நிற்கும் இடம் மாத்திரமே.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. குஜராத்தில் ஆக்கப்பட்ட இந்தியக் குழாய்வழி வால்வு 2018இற் பயன்பாட்டிற்கு வந்தது. மேனாட்டு வால்வுகளுக்கு அது குறைந்ததன்று என 2024இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. சித்திரா வால்வு திறந்த பாதையின் தொடர்ச்சியாகவே இதனைக் கருதலாம். யாழ்ப்பாணத்திலும், போர் ஓய்ந்து ஒரு தசாப்தம் நிறைவெய்துமுன்னரே போதனா வைத்தியசாலையிற் திறந்த இருதய சத்திரசிகிச்சை தொடங்கப்பட்டது. கொழும்புக்குச் சென்றேயாக வேண்டுமென்ற நூற்றாண்டுக்கால நியதி அதனால் ஓரளவு தகர்ந்தது.

எனினும், கருவிகளின் வருகையோடு பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணிப்பின்படி இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர், அவ்வீதம் ஏறிச்செல்கின்றது. இளையோர் புலம்பெயர்ந்த குடாநாட்டு வீடுகள் பலவற்றில் முதியோரே தனித்துள்ளனர். அவரது இளைப்பை முதுமையெனத் தள்ளாது, நெஞ்சில் ஒலிமானியை வைத்துக் கேட்பதற்கு ஒரு வைத்தியர் கிராம வைத்தியசாலையில் இருத்தல் வேண்டும். அங்கு ஐயுற்றதை உறுதிசெய்யும் ஒலியலைப் பரிசோதனை காலந்தாழ்த்தாது கிடைத்தல் வேண்டும். நோயின் இயல்பையும், இருவகைச் சிகிச்சைகளின் நன்மை தீமைகளையும், நோயாளர் தாமே முடிவெடுக்குமாறு தெளிந்த தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். வைத்திய பீடத்தில் ஆங்கிலத்திற் கற்பது தவிர்க்கமுடியாததாயினும், நோயாளரின் படுக்கையருகே அவ்வறிவு தமிழாக வேண்டும். வால்வுகளை அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்து, தேவையின் அடிப்படையில் வழங்குதல் வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சாதாரண மருந்துகளே அற்றுப்போன நாட்டில் இது எளிதன்று. ஆயினும், எளிதன்மை காரணமாக எந்த உரிமையும் மக்களுக்குக் கிடைத்ததில்லை.

கிறீனின் நூல்கள் இன்று பாடநூல்களல்ல; அவற்றின் வைத்தியம் பழமையுற்றுவிட்டது. ஆனால், மானிப்பாயில் அவர் எதிர்கொண்ட வினா பழமையுறவில்லை. கற்றவர் தம்மிடையே தங்கவும், கற்றது தம் மொழியிற் கிட்டவும், சிகிச்சை தம் ஊரிலேயே கைகூடவும் மக்களுக்கு உரிமையுண்டா என்பதே அவ்வினா. ஒரு பென்சிலின் பருமனுக்குச் சுருங்கிய வால்வு தொடை நாடிவழியே இருதயத்தை அடைய இன்று ஒரு மணித்தியாலம் போதும். றுவானிலிருந்து அது வடமராட்சிக் கிராமமொன்றின் ஏழை முதியவளை வந்தடைவதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் என்பதற்கான விடை ஆய்வுகூடத்தில் இல்லை. அது எமது சமூகத்தின் முடிவிலும், அரசின் வரவுசெலவுத் திட்டத்திலும், எம்மைப் போன்ற பல்கலைக்கழகத்தார் தம் அறிவை யாருக்குரியதெனக் கருதுகின்றனர் என்பதிலும் தங்கியுள்ளது.